போனைப் பிடுங்காதீர்கள், கணக்குக் கேளுங்கள்

போன மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. எதிரி, என் பேத்தி. சாட்சிப் பொருள், அவளுடைய செல்போன். வாதிகள் என்று பார்த்தால் என் மகன், மருமகள், எதிர் வீட்டு ஓய்வு பெற்ற தமிழாசிரியர் என்று எல்லோரும்தான். "சட்டம் படிக்கிற பெண்ணுக்குப் பஸ்ஸில் என்ன எழுத்து? போனை வாங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது அவர்கள் கட்சி. முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட்டுகளில் குப்பை கொட்டியவன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அன்றைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன். நம் எல்லோர் வீட்டிலும் ஒரு பிள்ளை போனும் கையுமாகத்தானே இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

பேத்தி செங்கல்பட்டில் சட்டம் படிக்கிறாள், நான்காம் ஆண்டு. உத்திரமேரூரில் பஸ் ஏறினால் புக்கத்துறை கூட்டுரோடு, பாலாற்றுப் பாலம் என்று போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வரவும் அதே அளவு. வாரத்தில் ஆறு நாள் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதை வீணாக்க அவளுக்கு மனமில்லை. காலையில் நின்றுகொண்டே போனில் தீர்ப்பு படிப்பாள். சாயங்காலம் உட்கார இடம் கிடைத்துவிட்டால், படித்ததைத் தமிழில் போனிடம் மெதுவாகச் சொல்வாள். அது தானே எழுத்தாக்கிக் கொள்கிறது. ஒருநாள் கண்டக்டர், "ஏம்மா, ஜப்தி, வாரண்ட்டுன்னே பேசிட்டு வர்றியே, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாராம்.

அப்படி எழுதியதைத் தெருப் பெண்களின் வாட்ஸாப் குழுவுக்கு அனுப்ப ஆரம்பித்தாள். செக் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று ஒரு தடவை எழுதினாள். பாங்கி தகவல் கொடுத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் விட வேண்டும், நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு, அதற்கும் கட்டாவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும் என்று நாலே வரி. எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, மேஜை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு செக்கை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினார். நாள் கடந்து போயிருந்தால் அது வெறும் காகிதம்.

நல்ல பெயர் வந்தது. அங்கேதான் வினையும் வந்தது.

பரீட்சை சமயம். களைப்பு. "பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா?" என்று யாரோ குழுவில் கேட்டிருக்கிறார்கள். பேத்தி இந்தத் தடவை தானே தேடிப் படிக்காமல், கேட்டால் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டாள். அது அழகான தமிழில் எழுதிக் கொடுத்தது. 2005-ம் ஆண்டு செப்டம்பர் 9-ம் தேதி அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு என்று சொல்லி, ஆதாரமாக 2015-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றையும் காட்டியது. தீர்ப்பின் பெயர் சரி, வருஷம் சரி. புக்கத்துறை வருவதற்குள் அனுப்பிவிட்டாள்.

அடுத்த தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய அப்பா 2001-ல் காலமானவர். பூர்வீக நிலம், பாகம் பிரிக்காமல் கிடக்கிறது. அண்ணன்மார் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மா இரண்டு வருஷமாகப் பிடிகொடுக்காமல் இருந்தவர். பேத்தியின் குறிப்பைப் படித்ததும், "நம்ம பாப்பாவே எழுதிடுச்சே, இனிமே எனக்கு என்ன இருக்கு?" என்று பத்திர எழுத்தரிடம் போக நாள் குறித்துவிட்டார்.

அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால், வகுப்பில் 2020 ஆகஸ்ட் 11-ம் தேதி வந்த வினீதா சர்மா வழக்கின் தீர்ப்பைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று மூன்று நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு அது. 2015-ம் ஆண்டுத் தீர்ப்பு சொன்ன அந்த நிபந்தனை அதோடு போயிற்று. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக நடந்துவிட்ட பாகப்பிரிவினைகளை மட்டும் கிளற முடியாது.

செயலி பொய்யான தீர்ப்பைச் சொல்லவில்லை. செத்துப்போன தீர்ப்பைச் சொல்லியிருக்கிறது. பொய் என்றால் தேடிப் பார்த்தால் அகப்படாது, உடனே சந்தேகம் வந்துவிடும். இது தேடினாலும் கிடைக்கும். அதனால் ஆபத்து அதிகம்.

பேத்தி அன்று வீட்டுக்குக்கூட வராமல், பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக அந்த அம்மா வீட்டுக்குப் போனாள். "ஆயா, நான் தப்பா எழுதிட்டேன், கையெழுத்துப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு கூடியதுதான் பஞ்சாயத்து.

இப்போது என் கட்சியைச் சொல்கிறேன். அதற்கு முன் என் பழைய கணக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1980களின் கடைசியில் நான் ஒரு கோர்ட்டில் நகல் பிரிவில் இருந்தேன். ஒரு மூதாட்டி, இரண்டாம் மேல்முறையீட்டில் ஹைகோர்ட் கொடுத்த தீர்ப்பின் நகலை மஞ்சள் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். முழுக்க இங்கிலீஷ். "ஐயா, நான் ஜெயிச்சேனா, தோத்தேனா?" என்றார். புரட்டிப் பார்த்துவிட்டு, "தோத்துட்டீங்கம்மா" என்றேன். "ஏன் ஐயா?" என்றார். காரணம் எனக்குத் தெரிந்தது. அவர் நம்பியிருந்தது ஓர் உயிலை. அந்த உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரையாவது கோர்ட்டில் விசாரித்து நிரூபித்திருக்க வேண்டும். செய்யவில்லை. இரண்டு நிமிஷத்தில் தமிழில் சொல்லியிருக்கலாம். எனக்கு முன்னால் நகல் மனுக்கள் குவிந்து கிடந்தன. சொன்னால் ஏதாவது வம்பு வருமோ என்ற பயமும் இருந்தது. "உங்க வக்கீலைக் கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் பையைச் சுருட்டிக்கொண்டே, "அவங்க பணம் கொடுத்துட்டாங்க போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தீர்ப்பில் பணமும் இல்லை, சூதும் இல்லை. ஆனால் அந்த அம்மா சாகும்வரை அப்படித்தான் நம்பியிருப்பார். தனக்குப் புரியாத மொழியில் வந்த தீர்ப்பை ஒரு மனுஷி வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? என் பேத்தி தப்பாகச் சொன்னாள், இரண்டு நாளில் திருத்தினாள். நான் தப்பே செய்யவில்லை, ஏனென்றால் ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டில் எது பெரிய பாவம் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம் என்று அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவு சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று நம் சட்டமன்றம் 2006-லேயே தீர்மானம் போட்டது. இன்னும் வரவில்லை. தீர்ப்புகளைப் படிக்கும் வசதியோ, எங்கள் காலத்தில் வசதியுள்ள வக்கீலின் அலமாரியில் மட்டும் இருந்தது. 1891-ல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல் தொகுதிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தவர் பெரிய வக்கீல். அவரிடம் ஜூனியராகச் சேர்ந்தவன் அந்தப் புத்தகத்தைத் தொடவே தயங்குவான்.

இன்று நிலைமை வேறு. 2023 ஜனவரி 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புத் தொகுப்பைக் கணினியில் இலவசமாகத் திறந்துவிட்டது. அப்போதே சுமார் 34,000 தீர்ப்புகள். அதே மாதக் கடைசியில் இந்திய மொழிகளில் மொழிபெயர்த்த 1,268 தீர்ப்புகளை வெளியிட்டார்கள். அதில் இந்தி 1,091, தமிழ் 52. கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம், ஆனாலும் பூஜ்யத்திலிருந்து 52 வந்ததே என்றும் நினைக்கலாம். வாய்தா என்றைக்கு என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கோர்ட் வராந்தாவில் நிற்பார்கள் நம் ஜனங்கள். இப்போது இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் பதினாறு இலக்க எண்ணைப் போட்டால் வாய்தா தேதி தெரிகிறது. எங்கள் தெருவில் நாலைந்து பேருக்குப் பேத்திதான் பார்த்துச் சொல்கிறாள், அதுவும் பஸ்ஸில் இருந்தபடியே. இதையெல்லாம் விட்டுவிட்டு, போனைப் பீரோவில் பூட்டி வைப்பதா?

"மாணவி படிக்க வேண்டும், ஊருக்கு உபதேசம் எதற்கு?" என்றார் தமிழாசிரியர். நியாயமான கேள்விதான். ஆனால் மாணவர்கள் கேட்டுத்தான் இந்த நாட்டில் சில கதவுகள் திறந்திருக்கின்றன. ஜோத்பூர் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்வப்னில் திரிபாதி என்ற மாணவர், பயிற்சிக்குப் போன மாணவர்களைத் திங்கள், வெள்ளிக் கிழமைகளில் உச்ச நீதிமன்ற அறைகளுக்குள் விடுவதில்லை என்பதைக் கிளப்பி, விசாரணையை நேரலையாகக் காட்ட வேண்டும் என்று கேட்டார். வேறு சிலரும் கேட்டார்கள். 2018 செப்டம்பர் 26-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வின் விசாரணையை நாம் உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டே பார்க்க முடிகிறது. அந்த அமர்வு பேசுவது இங்கிலீஷ்தான், ஆனால் கதவு திறந்திருக்கிறது.

இணையத்தில் எழுதுகிற உரிமையும் அப்படி வந்ததுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. மனம் புண்படும்படி எழுதினால் மூன்று வருஷம் வரை சிறை. 2012-ல் நம் பக்கத்துப் புதுச்சேரியில் ஒருவர் ட்விட்டரில் எழுதிய சில வார்த்தைகளுக்காகக் கைதானார். மகாராஷ்டிராவில் இரண்டு இளம்பெண்கள் பேஸ்புக்கில் போட்ட பதிவுக்காகக் கைதானார்கள். அதைப் பார்த்து வழக்குப் போட்ட ஷ்ரேயா சிங்காலுக்கு அப்போது 21 வயது. 2015 மார்ச் 24-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தபோது அவர் ஒரு சட்ட மாணவி.

போனைப் பிடுங்குவது பற்றியும் ஒரு தீர்ப்பு உண்டு. கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மாணவிகள் போனை ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதி. ஒரு மாணவி மறுத்தார், விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. இதை எடுத்துச் சொன்னதும் என் மகன், "அப்பா, நீங்க அவ பக்கம் வக்காலத்து போட்டாச்சு" என்று எழுந்து போய்விட்டான்.

"பஸ்ஸில் எழுதுவது உருப்படியாக இருக்குமா?" என்று மருமகள் கேட்டாள். சட்டம் படித்த ஒருவர் 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது, கப்பல் காகிதத்திலேயே பத்து நாளில் ஒரு புத்தகம் எழுதினார். வலது கை வலித்தபோது இடது கையால் எழுதினாராம். காந்தி எழுதிய 'இந்திய சுயராஜ்யம்' அது. எழுதுகிறவருக்கு இடம் பெரிதில்லை. என்ன, அவருக்குச் செயலி கிடையாது. ஒவ்வொரு வரியும் அவர் தலையில் இருந்து வந்தது.

செயலி விஷயத்தில் என் பேத்தி தனி ஆளில்லை. அமெரிக்காவில் ஒரு பயணி, விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று வழக்குப் போட்டார். முப்பது வருஷ அனுபவமுள்ள அவருடைய வக்கீல், சாட்ஜிபிடி சொன்ன ஆறு தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார். ஆறும் உலகத்தில் இல்லாதவை. "இது உண்மையான வழக்குதானா?" என்று அதனிடமே கேட்டிருக்கிறார். அதுவும் ஆமாம் என்றிருக்கிறது! திருடனிடமே சாவியைக் கொடுத்துப் பூட்டு சரியா என்று கேட்ட கதை. 2023 ஜூனில் நியூயார்க் நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். நம் நாட்டில் 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆணை ஒன்றில், இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக வந்து, அந்த ஆணையையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றங்களில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தீர்ப்பு முடிவு செய்யக் கூடாது என்று விதிமுறையே வெளியிட்டது. பழம் தின்று கொட்டை போட்டவர்களே வழுக்கியிருக்கிறார்கள். பஸ்ஸில் போகும் நான்காம் ஆண்டு மாணவி வழுக்கியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அதற்காக விட்டுவிட முடியுமா?

இந்த இடத்தில்தான் நம்ம ஊர்ச் சுவர் எனக்கு உதவிக்கு வருகிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை நாம் தினமும் கடந்துதான் போகிறோம். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் சபை எழுதி வைத்த குடவோலைத் தேர்தல் விதிகள். அதில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே இடம், பெண்களுக்கு இல்லை. அதை மறைத்துப் பெருமை பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் மூன்று விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, விதிகளைத் தமிழில், எல்லோரும் பார்க்கிற கோயில் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு, முதலில் 30 முதல் 60 வரை என்று வைத்த வயது வரம்பை இரண்டே வருஷத்தில் 35 முதல் 70 வரை என்று திருத்தி, பழையதையும் அழிக்காமல் புதியதையும் வெட்டினார்கள். மூன்று, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவனுடைய உறவினரும் நிற்க முடியாது. எழுதிய மத்தியஸ்தன் கடைசியில், எழுதியது நான் என்று தன் பெயரையும் சொல்லியிருக்கிறான்.

என் தீர்ப்பு இதுதான். போன் பேத்தியிடமே இருக்கட்டும். ஆனால் அவள் கணக்குக் காட்ட வேண்டும். இனி எந்தக் குறிப்பை அனுப்பினாலும், எந்தத் தீர்ப்பு, எந்தத் தேதி, எங்கே படித்தேன் என்று கீழே எழுத வேண்டும். செயலி சொன்னதைத் தீர்ப்பின் மூலத்தைத் திறந்து பார்க்காமல் அனுப்பக் கூடாது. அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. நாம் வாய் கூசாமல் சொல்லும் 420 இப்போது 318-ல் இருக்கிறது. செயலிக்குப் பழசும் புதுசும் ஒன்றுதான். தப்பு நேர்ந்தால் பழைய குறிப்பை அழித்துவிட்டு நல்ல பிள்ளையாக இருக்கக் கூடாது. 'இது தவறு, சரியானது இது' என்று அதே இடத்தில் எழுத வேண்டும். யாருடைய வழக்கு என்று அடையாளம் தெரிகிறபடி எழுதக் கூடாது. அவள் இன்னும் பதிவு பெற்ற வக்கீல் இல்லை. அதனால் ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும், முடிவெடுக்கும் முன் வக்கீலைப் பாருங்கள் என்று ஒரு வரி. வக்கீலுக்குப் பணமில்லையே என்பவர்களுக்காக இன்னொரு வரி: பெண்கள் எவ்வளவு வருமானம் உள்ளவராக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி கேட்கலாம், உதவி எண் 15100.

பேத்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "தாத்தா, நான் எழுதினதை நீங்க படிச்சுப் பார்த்துட்டு அனுப்பச் சொல்லுங்க, அனுப்பறேன்" என்றாள். இப்போது தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு என் போன் கிணுகிணுக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிறேன். "எங்கேம்மா எடுத்தே?" என்று கேட்கிறேன். இந்த ஒரு மாதத்தில் இரண்டு குறிப்புகளைத் திருப்பி அனுப்பினேன். ஒன்றில் தப்பு அவளுடையது. இன்னொன்றில் தப்பு என்னுடையது, நான் சொன்ன காலக்கெடு பழைய சட்டத்தில் இருந்தது.

அடுத்த தெரு அம்மா கையெழுத்துப் போடவில்லை. சட்ட உதவி மையத்தில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்திருக்கிறார். அண்ணன்மாரோடு பேச்சுவார்த்தை போய்க்கொண்டிருக்கிறது. பாகம் கிடைக்குமா, உறவு மிஞ்சுமா, தெரியாது. போன வாரம் கோயில் வாசலில் பார்த்தபோது, "பாப்பா இப்போ ஏன் சொத்தைப் பத்தி எழுத மாட்டேங்குது? பயந்துடுச்சா?" என்று கேட்டார். பயந்துதான் இருந்தாள். அன்று இரவே அதைச் சொன்னேன். மறுநாள் பஸ்ஸில் அவள் வினீதா சர்மா தீர்ப்பை முழுதாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். நீளமான தீர்ப்பு, தினமும் கொஞ்சம்தான் முடிகிறதாம். முடித்ததும் எழுதுவாள். எழுதியதும் முதலில் எனக்கு வரும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஏதாவது எழுதி அனுப்பினால், உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகாதீர்கள். எங்கே எடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க ஆளிருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் ஜாக்கிரதையாக எழுதுவார்கள்.